முனியப்பருக்கு நான் அடித்த அரிவாள்

எங்கள் குடும்பத்தில் ஒரு காதுகுத்தையே கெடுத்தவள் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும்போது மசாலா தூக்கலாக இருக்கும். நூற்றைம்பது பேர் பசியோடு காத்துக் கிடந்தது உண்மை. பந்தலில் ஒரு மூலை கருகியது உண்மை. அதற்கப்புறம் நான் வெட்கப்பட்டேன் என்று சொல்வார்கள் பாருங்கள், அது மட்டும் பொய்.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற சின்ன கம்பெனி ஒன்றில் சூளைப் பொறுப்பு எனக்கு. உங்கள் வீட்டில் கரன்ட் போனால் கழற்றி, ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுவீர்களே, அந்த வெள்ளை ஃபியூஸ் கேரியர், அதைச் சுட்டு எடுக்கிறவள் நான். (ஊதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் ஊதுங்கள், எங்களுக்கு ஒரு மரியாதை.) பன்னிரண்டு வருஷமாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பழகிய கண். மீட்டர் என்ன காட்டினாலும், எட்டிப் பார்க்கிற துளை வழியாக ஒரு நொடி பார்த்து, "இன்னும் அம்பது டிகிரி ஏறணும்" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இந்தத் திமிர்தான் கதை.

என்னைக் கட்டிக்கொடுத்தது கம்மாபுரம் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில். நன்றாக ஓடுகிற பட்டறை. கரும்பு வெட்டும் காலம் வந்தால் கத்திக்கும் அரிவாளுக்கும் ஆள் வரிசையில் நிற்கும். மாமனார்தான் பட்டறையின் எல்லாமும். என் கணவர் செல்வம் தனியார் பஸ் டிரைவர்; இரும்போடு அவருக்கு இருக்கும் உறவு ஸ்டியரிங்கோடு சரி. அந்த வீட்டில் நான் காலடி வைத்த நாள் முதல் எனக்கு ஒரு பெயர்: 'பீங்கான் வூட்டுப் பொண்ணு'. பாத்திரம் கீழே விழுந்தால், "பாத்து, நம்ம மருமவ ஒடைஞ்சிடப் போவுது" என்பார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எங்கள் சூளை ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தாண்டும். இவர்கள் உலையை நாங்கள் டீ போடத்தான் வைத்துக்கொள்வோம் என்று ஒருநாள் பந்தியில் வைத்தே சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய்க்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் இறங்கினேன். முறை எளிதாகத்தான் தெரிந்தது. மாமனார் சிவந்த இரும்பைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் எங்கே தட்டுகிறாரோ, அந்த இடத்தில் எதிரே நிற்கிறவர் சம்மட்டியால் ஓங்கிப் போட வேண்டும். அவர் தட்டுவதை நிறுத்தி, சுத்தியலைப் படுக்க வைத்தால் நாமும் நிறுத்த வேண்டும். என் முதல் அடி பட்டறைக் கல்லில் விழுந்தது. இரண்டாவது தரையில். மூன்றாவதிலிருந்து இரும்பில் விழ ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் அரிவாளின் முதுகையும் மூக்கையும் வளைத்துக் கொண்டுவரும் அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் கடைசி வேலையை மாமனார் யாருக்கும் விடமாட்டார். சிவக்கக் காய்ச்சிய கத்தியை 'சுர்' என்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி எடுப்பார். தோய்ச்சல் என்பார்கள்.

அந்த 'சுர்' சத்தம் கேட்டாலே நான் காதைப் பொத்திக்கொள்வேன். எங்கள் தொழிலில் அது கொலைபாதகம். சூடு ஆறுவதற்குள் சூளைக் கதவைத் திறந்துவிட்டால், ஒரு காற்று பட்டாலே போதும், உள்ளே இருக்கும் அத்தனை சாமானும் 'டிங் டிங்' என்று விரிசல் விடும். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, கையால் தொடும் பதத்துக்கு வந்த பிறகுதான் திறப்போம். பொறுமை இல்லாதவர்கள் பார்க்கும் வேலை இந்தத் தோய்ச்சல் என்று மனசுக்குள் ஒரு தீர்மானம் இருந்தது.

என் தீர்மானத்துக்கு உரம் போட்டது ஒரு குதிரை. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் கல்யாண ஊர்வலக் குதிரைக்கு லாடம் அடிக்க வந்தார். அன்றைக்கு இளகின இரும்புப் பட்டை கைவசம் இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டையிலேயே மாமனார் லாடம் வளைத்து, ஆணித் துளை போட்டு, அவசரத்துக்குத் தண்ணீரில் முக்கி ஆற்றினார். குதிரையின் குளம்புக்குப் பொருத்தமாகக் கொஞ்சம் விரிக்கலாம் என்று ஒரு தட்டுத் தட்டினார். துளை வழியாக லாடம் இரண்டாகப் போய்விட்டது. "நான் ஒண்ணு பண்ணட்டுமா மாமா?" என்று கேட்டு, அதே பட்டையில் இன்னொரு லாடம் செய்து, சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து வைத்துவிட்டேன். குதிரைக்காரரை மறுநாள் வரச் சொன்னோம். மறுநாள் அந்த லாடம் சொன்னபடி கேட்டது. விரித்தால் விரிந்தது, வளைத்தால் வளைந்தது, விரிசலே இல்லை. "பொம்பள கை பட்டா இரும்புகூடப் பதமாயிடுது" என்று குதிரைக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

போதாதா? அன்றிலிருந்து ஒரு மாதம், சோற்றில் உப்பு குறைந்தால்கூட, "எதையும் பொறுமையா ஆறவெக்கணும்" என்று உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் மகேஸ்வரி பெண்ணுக்குக் காதுகுத்து வந்தது. குலதெய்வம் முனியப்பர், முந்திரித் தோப்புக்குள் கோயில். காதுகுத்தென்றால் கெடா வெட்டு உண்டு. அதில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம். ஒவ்வொரு தடவையும் புது அரிவாள்தான் வெட்ட வேண்டும், அதைப் பட்டறை வீட்டுக் கைதான் அடித்திருக்க வேண்டும். அடித்து முடித்து மஞ்சள் துணி சுற்றிவிட்டால் பிறகு சாமி முன்னால்தான் அவிழ்க்கலாம். அங்கே பூசாரி அந்த அரிவாளால் மூன்று தேங்காயை வெட்டிப் பார்ப்பார். வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, மழுங்காமல் இருந்தால்தான் அரிவாள் கெடாவின் பக்கம் போகும். அரிவாள் கொடுத்த வீட்டுக்கு முதல் மாலை, முதல் திருநீறு. தலைமுறை தலைமுறையாக அந்த மாலை மூத்த வீடான எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

அந்த மாலை மேல் ஒருவருக்கு வெகுநாளாகக் கண். மாமனாரின் தம்பி, எனக்குச் சின்ன மாமனார். ஸ்ரீமுஷ்ணத்தில் கிரில் கேட் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். காதுகுத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமனார் மொபெட்டிலிருந்து சறுக்கி விழுந்து, தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டு, கையைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளே சின்ன மாமனார் ஆப்பிளோடு வந்து நின்றார்.

"அண்ணே, நீ எதையும் மனசுல போட்டுக்காத. ரெஸ்ட் எடு. இந்த வாட்டி அருவா நம்ம கடையிலேருந்து வந்துடும்" என்றார்.

மாமனார் தொங்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அருவா இங்கேருந்துதான் வரும் சின்ன மாமா" என்றேன்.

"யாரும்மா அடிக்கறது? செல்வமா? அவன் பஸ்ஸு ஆரன் அடிப்பான்."

"நான் அடிக்கறேன்."

"பொம்பள அடிச்ச அருவாவ சாமி ஏத்துக்குமா?"

"எனக்குத் தெரியாது. நீங்க கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

மனிதர் உண்மையிலேயே கேட்டுவிட்டு வந்தார், சாமியிடம் அல்ல, பங்காளிகளிடம். ஒரு வாரத்தில் தீர்ப்போடு திரும்பினார். மருமகளும் பட்டறை வீட்டுக் கைதான், அடிக்கலாம். ஆனால் தேங்காய்ச் சோதனையில் அந்த அரிவாள் நிற்கவில்லையென்றால், இனிமேல் அரிவாளும் மாலையும் ஸ்ரீமுஷ்ணத்துக்கு. "சம்மதமா?" என்றார். மாமனார் வாயைத் திறப்பதற்குள், "சம்மதம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் மாமனார் கேட்டார்: "என்னை ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க மாமா."

மூன்று ஞாயிறு அடித்தேன். குறடு என் இடது கையில், சுத்தியல் வலது கையில். சம்மட்டி போட, லீவு போட்டுவிட்டு வந்த செல்வம். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல கையை ஆட்டிக் கத்திக்கொண்டே இருந்தார். "வாயில அடிக்காத, முதுவுல தட்டு! ஆறிப்போச்சி, உலையில போடு! சிவக்காத இரும்ப அடிச்சா அது உன்ன அடிக்கும்!" லாரி ஸ்பிரிங் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக அரிவாளாக நீண்டு, மூக்கு வளைந்து வந்தபோது எனக்கே கண் கலங்கியது. (புகையினால் என்று அப்போது சொன்னேன்.)

"தோய்ச்சல் மட்டும் நான் பக்கத்துல இல்லாம பண்ணாத" என்றார் மாமனார். நான் தலையை ஆட்டினேன். திங்கட்கிழமை காலையில் அரிவாளை டிபன் பையில் வைத்துக் கம்பெனிக்கு எடுத்துப் போய்விட்டேன்.

அங்கே மாதிரிச் சாமான் சுட்டுப் பார்க்க ஒரு சின்ன கரன்ட் சூளை இருக்கிறது. (முதலாளி இதைப் படித்தால், சார், அன்றைக்கு மாதிரி எதுவும் இல்லை, சூளை சும்மாதான் இருந்தது.) எண்ணூற்றைம்பது டிகிரி வைத்து, அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு துளித் துளியாக ஆறவிட்டேன். ஒரு நாள் ஆனது. குழந்தையைத் தொட்டிலில் போட்டவள் மாதிரி ஐந்தாறு தடவை போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெளியே எடுத்து, மேலே படிந்த கருப்புச் செதிலைத் தேய்த்துவிட்டு, கிரைண்டரில் வாயை எடுத்தேன். பட்டறை அரிவாள் எல்லாம் தடித்தடியாக இருக்கும். எங்கள் கம்பெனியில் மெல்லிசுதான் அழகு. ஆகவே மெல்லிசாக, இன்னும் மெல்லிசாக, காகிதம் வெட்டும் அளவுக்குத் தேய்த்தேன். வெள்ளி மாதிரி பளபளத்தது. கம்பெனியில் வைத்தே மஞ்சள் துணியும் சுற்றிவிட்டேன்.

"தோய்ச்சல் போட்டியா?" என்று மாமனார் கேட்டார்.

"அதெல்லாம் சூளையிலயே பக்காவா முடிச்சிட்டேன் மாமா."

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவிழ்க்க வழக்கம் இடம் கொடுக்காது. "மீட்டரு வெச்ச சூளதானே, சரியாத்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்னை நம்பிய அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மற்றதெல்லாம் உறுத்தவில்லை.

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. முந்திரித் தோப்பில் பந்தல், மைக் செட், ஒரு ஓரமாகப் பிரியாணி மாஸ்டரின் விறகடுப்பு, மரத்தில் மாலையோடு கெடா. பத்தரை மணிக்குப் பூசாரி துணியை அவிழ்த்தார். அரிவாள் வெயிலில் மின்னியதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் "ஆ" என்றது. போன்கள் எல்லாம் மேலே வந்தன. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் நின்றேன்.

முதல் தேங்காயை அடிக்கட்டை மேல் வைத்து ஓங்கிப் போட்டார். தேங்காய் உடைந்தது. ஆனால் அது வெட்டுப்பட்ட சத்தமில்லை, கல்லில் மோதிய சத்தம். பூசாரி அரிவாளைத் திருப்பிப் பார்த்தார். வாய் ஓர் அங்குலத்துக்கு மடிந்து போயிருந்தது. இரண்டாவது தேங்காயை வைத்துப் போட்டார். தேங்காய் அப்படியே இருந்தது. அரிவாள் பக்கவாட்டில் வளைந்து, என்னைத் திரும்பிப் பார்த்தது.

பின்னால் யாரோ ஒருவர், "கோப்ப சுடறவ கையில குடுத்தா?" என்று ஆரம்பித்தார். தோப்பே சிரித்தது. செல்வம் பக்கத்தில் வந்து, "மூணாவது தேங்காய கையாலயே ஒடச்சிடலாமா?" என்றார். அந்த மனிதரோடு எட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

சின்ன மாமனார் அவசரமே படவில்லை. நிதானமாக நடந்துபோய்த் தன் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினார். உள்ளே இன்னொரு அரிவாள், மஞ்சள் துணியோடு தயாராக இருந்தது.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன்" என்றார்.

அந்த 'எதுக்கும் இருக்கட்டுமே'தான் எனக்கு ஏறிவிட்டது. நேராக மாமனாரிடம் போனேன்.

"எப்படிம்மா ஆறவெச்ச?" என்றார் மெல்ல.

"சூளையிலயே மாமா. ஒரு நாள் முழுக்க."

நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! இரும்புக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வெச்சிருக்கியே! மெள்ள ஆறினா இளகிடும்மா. லாடம் இளகலாம், கத்தி இளகலாமா? கத்திய திடீர்னு எழுப்பணும்!"

அப்போதுதான் விளங்கியது. மண்ணுக்கு எது உயிரோ அது கத்திக்கு எமன். குதிரை லாடத்தில் ஜெயித்த அதே வித்தையில்தான் தோற்றிருக்கிறேன். விளங்கியதும் அழுகை வர வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"பூசாரி, எத்தன மணி வரைக்கும் வெட்டலாம்?"

"பன்னெண்டுக்கு எமகண்டம், உச்சி சாஞ்சிட்டா அன்னிக்கு வெட்டே கெடையாது. அதுக்குள்ள எந்த அருவா நின்னாலும் எனக்குச் சரி."

"அப்ப துணியச் சுத்தியே வெச்சிருங்க சின்ன மாமா" என்று சொல்லிவிட்டு, வளைந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு பிரியாணி அடுப்புக்கு ஓடினேன்.

மாஸ்டர் குறுக்கே விழுந்தார். "யக்கா, இது சோறு பொங்கற அடுப்புக்கா!" நான் கேட்கவில்லை. புளியங்கட்டை நன்றாகத் தணலாகியிருந்தது. கையால் சுற்றுகிற புளோயர் வேறு வைத்திருந்தார். செல்வம் அதைச் சுற்ற, அரிவாளைத் தணலில் போட்டுச் சிவக்க வைத்து, பந்தல்காரர் சுத்தியலால் கருங்கல்லில் வைத்து நிமிர்த்தினேன். மடிந்த வாயையும் தட்டிச் சரிசெய்தேன். மறுபடி அடுப்பில் போட்டபோதுதான் சிக்கல். பதினொரு மணி வெயிலில் இரும்பின் நிறமே தெரியவில்லை. மாமனார் எட்டிப் பார்த்து, "எனக்குக் கண்ணு மங்கலும்மா, வெளிச்சத்துல தெரியாது" என்றார். நிறம் தப்பினால் தோய்ச்சல் தப்பும்.

பந்தியில் விரித்திருந்த ஜமக்காளத்தை உருவிக்கொண்டு வந்து, அடுப்போடு சேர்த்து என் தலையிலும் போர்த்திக்கொண்டேன். உள்ளே இருட்டு. அந்த இருட்டில், அம்மாடி, எனக்குத் தெரிந்த வெளிச்சம்! கருஞ்சிவப்பு, அப்புறம் செம்பருத்திச் சிவப்பு. பன்னிரண்டு வருஷமாகத் துளை வழியாகப் பார்த்த நிறம். "இன்னும் கொஞ்சம் சுத்துங்க... இன்னும்..." என்று உள்ளிருந்து கத்தினேன்.

வெளியே நடந்தது எனக்குத் தெரியாது. முக்காடு போட்டு, தலைமுடி பிரிந்து, நெருப்பின் முன்னால் உட்கார்ந்து கத்துகிற பெண்ணைப் பார்த்துவிட்டு, "சாமி எறங்கிடுச்சி" என்று ஒரு பெரியம்மா ஆரம்பித்திருக்கிறார். குலவை கிளம்பியது. உடுக்கைக்காரர் தன் பங்குக்கு அடித்தார். ஜமக்காளத்தை விலக்கி, சிவந்த அரிவாளும் கையுமாக நான் எழுந்தபோது, எதிரே கைகூப்பி நின்றவர் யார் என்கிறீர்கள்? சின்ன மாமனார்.

"தாயே, இந்த முட்டிவலி எனக்கு எப்ப தீரும்?"

"தள்ளி நில்லுங்க சின்ன மாமா, வெந்துடும்!"

முட்டிவலிக்காரர் அவ்வளவு வேகமாகப் பின்வாங்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"தண்ணி வேணாம், வெடிச்சிடும்! எண்ணெ! எண்ணெ!" என்று மாமனார் கத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தேன். மாஸ்டர் அப்போதுதான் மூடி வெட்டிய கடலை எண்ணெய் டின், நிறைய. அவர் அதைக் கட்டிப்பிடிப்பதற்குள் அரிவாளை மூக்கு முதல் பிடி வரை இறக்கிவிட்டேன். 'பக்'கென்று ஆள் உயரத்துக்கு நெருப்பு எழுந்தது. பந்தலின் ஓரத்துத் துணி பற்றிக்கொண்டது. இரண்டு பேர் தண்ணீர்க் குடத்தோடு ஓடினார்கள். ஒருவர் பந்தலில் ஊற்றினார், இன்னொருவர் பதற்றத்தில் மைக் செட்டில் ஊற்றினார். அந்தக் கூச்சலில் கெடா கயிற்றை அறுத்துக்கொண்டு, மாலையோடு தோப்புக்குள் ஓடியது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. நான் எண்ணெயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரிவாளை எடுத்ததும் மாமனார், "கீழ மட்டும் போட்டுடாத" என்றார். "இப்ப அது ஒங்க கோப்ப மாதிரி. விழுந்தா சிதறிடும். செங்கல்லால தேச்சி வெளுப்பாக்கிட்டு, தணல்ல லேசா காட்டு. வாயில வைக்கோல் நெறம் வந்ததும் எடுத்துடு." பகலிலேயே தெரிகிற அந்த நிறத்துக்கு இன்னொரு தடவை ஜமக்காளம் போர்த்த வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் படர்ந்த நொடியில் எடுத்தேன். மணி பதினொன்று ஐம்பது.

பூசாரி மூன்று தேங்காயை வரிசையாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் நடுவில் பிளந்து இரண்டிரண்டாக விழுந்தன. விரலால் வாயைத் தடவிப் பார்த்து, "சுத்தமா இருக்குது" என்றார். மாமனார் அழுதுவிட்டார். நானும்தான். இந்தத் தடவை புகை என்று சொல்லவில்லை.

"கெடாவக் கொண்டாங்க" என்றார் பூசாரி.

அப்போதுதான் எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள். அறுந்த கயிறு மட்டும் இருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பங்காளிகள் மொத்தப் பேரும் தோப்புக்குள் ஓடினார்கள். பன்னிரண்டு அடித்தது. எமகண்டமும் வந்தது. கெடா வரவில்லை. ஒன்றே முக்காலுக்கு அதுவாகவே நடந்து வந்து, இலைக்கட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு வாழையிலை தின்றது. பூசாரி அரிவாளை முனியப்பர் காலடியில் வைத்தார். "அருவா நின்னுடுச்சி, ஆனா கெடா விழல. மால யாருக்கும் கெடையாது. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார். என் வாழ்க்கையிலேயே நியாயமான, அதனாலேயே எரிச்சலான தீர்ப்பு அது.

இவ்வளவுக்கும் நடுவில் நகை ஆசாரி தன் பாட்டுக்குக் குழந்தைக்குக் காது குத்திவிட்டுப் போயிருந்தார். போட்டோக்காரர் என்னையும் நெருப்பையும் எடுத்துக்கொண்டிருந்ததால், காதுகுத்து ஆல்பத்தில் காது குத்துகிற படமே இல்லை. "எம் பொண்ணு ஆல்பத்துல மொத்தமும் நீங்கதான் அண்ணி" என்று மகேஸ்வரி இன்றைக்கும் சொல்கிறாள். சொல்லட்டும், நியாயம் அவள் பக்கம்.

சாப்பாடு? கெடாக்கறியை நம்பிப் போட்ட பிரியாணி. கறி வாழையிலை தின்றுகொண்டிருந்தது. கடை தேடிப் போக நேரமில்லை. குஸ்காதான் என்று முடிவானது. எண்ணெய்க்கு அந்த ஒரு டின்தான். மாஸ்டர், "அருவா முக்கின எண்ணெயில நான் கை வெக்க மாட்டேன்" என்று நகர்ந்துகொண்டார். மகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு, புது வேட்டியை நாலாக மடித்து எண்ணெயை வடிகட்டிக் கொடுத்தாள். தாளித்தது நான்தான். நூற்றைம்பது பேரும் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்ன மாமனார் மூன்று தட்டு வாங்கினார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எதற்கெடுத்தாலும், "தோய்ச்சல் போட்டாச்சா?" என்பதுதான் கேள்வி. ஒரு பையன் பரீட்சைக்குப் போனாலும் அதே. ஒருவர் புது மாப்பிள்ளை என்று போட்டோ போட்டாலும் அதே. ஜமக்காளத்தோடு நான் எழுந்து நிற்கும் படத்தை யாரோ ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். அக்காக்கள், சித்திகள் என்று எல்லாரும் குட்மார்னிங்குக்கு அதைத்தான் அனுப்புகிறார்கள். நானும் அனுப்புகிறேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

மாமனாரின் கை சரியாகிவிட்டது. ஆனால் தோய்ச்சலுக்கு இப்போது அவர் உலையருகே போவதில்லை. கரும்பு வெட்டுகிறவர்கள் வந்து அவசரப்படுத்தினால், "ஞாயித்துக்கெழம வாங்க. நெறம் பாக்க எம் மருமவ வரணும்" என்கிறார். 'பீங்கான் வூட்டுப் பொண்ணு' என்றும்தான் இன்னும் சொல்கிறார்கள். அதற்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்; அது வசவு இல்லை, என் படிப்பு.

போன வாரம் சின்ன மாமனார் போன் செய்தார். புது வீடு கட்டியிருக்கிறார், முனியப்பருக்குக் கெடா வெட்டுகிறார். பேச்சை எங்கெங்கோ சுற்றினார். மழை பேசினார், முட்டிவலி பேசினார். கடைசியில், "அருவா பட்டறையிலேருந்தே வரட்டும்மா. நீயே அடி. மால ஒங்க வூட்டுக்குத்தான், நான் பங்காளிங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

நான் சரி என்பதற்குள் அவரே தொடர்ந்தார். "எண்ணெ மட்டும் இந்த வாட்டி ரெண்டு டின்னா வாங்கி வெச்சிட்டேன். ஒண்ணு அருவாவுக்கு, ஒண்ணு சோத்துக்கு" என்றார்.

"எதுக்கு சின்ன மாமா வீண் செலவு?" என்றேன். "போன வாட்டி ஒரே டின்னுலதான் மூணு தட்டு சாப்பிட்டீங்க."